நட்டில் கை வைக்கும் முன்: ரிமோட் ட்ரக்கின் ஸ்லிப்பர் கிளச் ஒட்டிக்கொண்டால்

மாரி முடிந்து வெயில் வந்த முதல் சனிக்கிழமை என் ட்ரக்கை வெளியில் எடுத்தேன். அதற்கு முன் அது கடைசியாக ஓடியது மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில். வீட்டுக்கு வந்து மேலோட்டமாக மணலைத் தட்டிவிட்டு அறை மூலையில் வைத்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது, ஐந்து கிழமை அப்படியே கிடந்தது. அன்றைக்கு ட்ரிகரைத் தொட்டதும் முன்சில்லு இரண்டும் எழும்பி வண்டி மல்லாந்தது. நிமிர்த்தி வைத்து மறுபடி தொட்டேன், மறுபடி மல்லாந்தது.

"மாமா, கிளச் நட்டு இறுகிட்டுப் போல. கொஞ்சம் இளக்கிப் பாருங்களன்," என்றான் மருமகன்.

இளக்கினேன். முதலில் அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று, கடைசியில் இரண்டு சுற்று. ஒரு மாற்றமும் இல்லை. அன்று பின்னேரம் ஒரு சின்ன மேட்டில் தாவி, த்ரொட்டிலை விடாமல் இறக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பர் கியரில், அதாவது மோட்டார் சுற்றும் பெரிய கியரில், ஆறு பல் போய்விட்டது. கொழும்பிலிருந்து புதுக் கியர் வர ஒரு கிழமை ஆனது. அதை மாற்றக் கழற்றியபோதுதான் காரணத்தைக் கண்டேன். நட்டு வந்தது, ஸ்பிரிங் வந்தது, ஆனால் அதற்குப் பின்னால் இருந்த தட்டு வரவில்லை. கையால் இழுத்தால் அசையவே இல்லை. தட்டின் நடு ஓட்டையைச் சுற்றி, ஷாஃப்டோடு அது சேரும் இடத்தில், சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் அடைந்திருந்தது.

சடுதியான அடியை வழுக்கிக் கொடுத்து வாங்கும் இந்த ஸ்லிப்பர் கிளச் ஒட்டிக்கொண்டால் எல்லாரும் முதலில் நட்டைத்தான் திருகுகிறோம். நட்டு ஸ்பிரிங்கை மட்டும்தான் அமுக்கும். ஸ்பிரிங் தட்டைத் தள்ள வேண்டும், தட்டு ஷாஃப்டின் மேல் வழுக்கி நகர வேண்டும். அந்தத் தட்டு நகரவில்லை என்றால் நட்டை எந்தப் பக்கம் திருப்பியும் பயனில்லை. இறுக்கமாக இருந்தபோது பிடித்துக்கொண்டால் இறுக்கமாகவே நிற்கும். இளக்கமாக இருந்தபோது பிடித்துக்கொண்டால், எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிக்கொண்டே இருக்கும். கடலும் வாவியும் இரண்டு பக்கமும் கிடக்கும் நம் ஊர்களில் இந்தக் கோளாறு மற்ற இடங்களைவிட அதிகம். அதனால்தான் முழுதாக எழுதுகிறேன்.

கிளச்சின் வேலை

மோட்டாரின் சின்னப் பல்லுக் கியர் பினியன். அது ஸ்பர் என்ற பெரிய பிளாஸ்டிக் கியரைச் சுற்றும். ஸ்பர் கியர் கியர்பெட்டியின் ஷாஃப்டில் நேரடியாகப் பூட்டப்படுவதில்லை. நடுவில் ஒரு பெயாரிங்கின் மேல் அது சும்மா சுற்றக்கூடியது. அதன் இரு பக்கமும் உலோகத் தட்டுகள். தட்டுக்கும் கியருக்கும் இடையே உராய்வுப் பாட்கள். சில வண்டிகளில் இவை வட்டமாக ஒரே துண்டு, சிலவற்றில் கியரின் ஓட்டைகளுக்குள் செருகிய சின்னச் சின்ன குமிழ்கள். தட்டுகள் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும். அதற்காக ஷாஃப்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், அல்லது குறுக்கே ஒரு பின் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு ஸ்பிரிங் அமுக்கிப் பிடிக்கும், அந்த ஸ்பிரிங்கை நைலோன் வளையம் வைத்த ஒரு நட்டு பிடிக்கும்.

சாதாரண ஓட்டத்தில் பாட்களின் பிடியிலேயே எல்லாம் ஒன்றாகச் சுற்றும். சடுதியாக ஒரு அடி வரும்போது, உதாரணமாக காற்றில் வேகமாகச் சுற்றிய சில்லு தரையைத் தொட்டு ஒரே கணத்தில் நிற்கும்போது, பாட் கொஞ்சம் வழுக்கிக் கொடுத்து அந்த அடியை வாங்கும். அது வழுக்காவிட்டால் அடி ஸ்பர் பல்லுக்கும், சில்லுக்குப் போகும் ட்ரைவ் ஷாஃப்டுக்கும், இரண்டு சில்லுக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷலுக்கும் போகும். மூன்றில் எது பலவீனமோ அது உடையும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டால் "கொஞ்சம் ஒயில் விட்டால் சரியாகும்" என்பார்கள். அவர்கள் பார்க்கும் கிளச் பெரும்பாலும் எண்ணெய்க்குள் கிடந்து வேலை செய்வது. இது காய்ந்த கிளச். பாட்டில் எண்ணெய் பட்டால் பிடி போகும், பிறகு சூட்டில் அந்த எண்ணெய் பிசினாகி, வழுக்குவதும் பிடிப்பதுமாக முன்னையிலும் மோசமாகும்.

ஒட்டியிருப்பது உண்மையில் கிளச்தானா?

முன்சில்லு எழும்புவதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பட்டரியை 2 செல்லிலிருந்து 3 செல்லுக்கு மாற்றினால், அதாவது 7.4 வோல்ட்டிலிருந்து 11.1 வோல்ட்டுக்குப் போனால், நல்ல கிளச் உள்ள வண்டியும் எழும்பும். வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் புறப்படும் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தாலும் அப்படித்தான். புது டயர் போட்டாலும் நடக்கும். இவை எதுவும் மாறாமல், போன மாதம் ஒழுங்காகப் புறப்பட்ட வண்டி இந்த மாதம் மல்லாந்தால் கிளச்சைச் சந்தேகிக்கலாம். அடிக்கடி ஸ்பர் பல் போவதும், ட்ரைவ் ஷாஃப்ட் முறுகி உடைவதும் அதைவிட உறுதியான அடையாளங்கள்.

வேகம் கொடுக்கும்போது 'டட்-டட்' என்று தொடர்ந்து கேட்டால் அது கிளச் அல்ல. பினியனும் ஸ்பரும் சரியாகக் கோக்கவில்லை, அல்லது டிஃபரென்ஷல் பல் போயிருக்கிறது. மோட்டார் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் பினியனின் சின்ன ஸ்குறூ இளகியிருக்கலாம், சில்லின் அறுகோண ஓட்டை வட்டமாகியிருக்கலாம். இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

இனி கையால் செய்யும் சோதனை. பட்டரியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கியர் மூடியைத் திறந்து, மோட்டாரின் இரண்டு ஸ்குறூவையும் இளக்கி, பினியன் ஸ்பரைத் தொடாத அளவுக்கு மோட்டாரை விலக்குங்கள். இந்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் ஒவ்வொரு கட்டத்திலும் பிடித்துப் பிடித்து விடும். பினியன் கோத்திருக்கும்போது ஸ்பரைச் சுற்றினால் அந்தத் துடிப்புத்தான் விரலுக்குத் தெரியும், அதைக் கிளச் ஒட்டுவதாக நினைத்துவிடுவீர்கள்.

பினியனை விலக்கியதும் வண்டியை மேசையில் தள்ளிப் பாருங்கள். இலகுவாக உருண்டால் கியர்பெட்டி நலம். முக்கி முக்கி உருண்டால் பிரச்சினை அதற்குள்ளே இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் ஓட்டியவர்கள் பின் அச்சில் வைக்கோலோ அரிதாளோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நூல் போலச் சுற்றி, பெயாரிங் வரைக்கும் போய் இறுகியிருப்பதை நான் இரண்டு தரம் வெட்டி எடுத்திருக்கிறேன்.

பிறகு பின்டயர் இரண்டையும் ஒருவர் இறுக்கிப் பிடிக்க, நீங்கள் பெருவிரலால் ஸ்பரைச் சுற்றுங்கள். நல்ல கிளச் ஒரு ஜாம் போத்தல் மூடியைத் திறப்பது போல, இறுக்கமாக ஆனால் வழவழவென்று ஒரே சீராகக் கொடுக்கும். துளியும் அசையாவிட்டால் ஒன்று நட்டு மிகையாக இறுகியிருக்கிறது, அல்லது உள்ளே ஒட்டியிருக்கிறது. கொஞ்சம் அசைந்து, நின்று, 'டக்' என்று விட்டு, மறுபடி நின்றால் அதுவும் ஒட்டுதல்தான். தட்டின் முகத்தில் ஓரிடத்தில் கறள், ஓரிடத்தில் கண்ணாடிப் பளபளப்பு என்று இருக்கும்போது இப்படி வரும். ஓட்டத்தில் இதைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் சில புறப்பாடு ஒழுங்காக இருக்கும், சில புறப்பாட்டில் மல்லாரும்.

கையில் சந்தேகம் தீராவிட்டால் டிப்பெக்ஸ் எடுங்கள். வெளித்தட்டின் விளிம்பிலிருந்து ஸ்பர் கியரின் முகம்வரை ஒரே நேர்கோடாக மெல்லிய வெள்ளைக் கோடு போட்டுக் காயவிடுங்கள். மோட்டாரைப் பழையபடி கோத்து, சீமெந்துத் தரையில் ஐந்து தரம் நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தில் புறப்படச் செய்யுங்கள். திறந்து பார்த்தால் கோடு இரண்டாக விலகியிருக்க வேண்டும். இன்னும் ஒரே கோடாக நின்றால் கிளச் ஒரு மில்லிமீட்டர்கூட வழுக்கவில்லை. நான் இதை முதலிலேயே செய்திருந்தால் ஒரு ஸ்பர் கியர் மிஞ்சியிருக்கும்.

கழற்றுவது

தேவையானவை அதிகமில்லை. 2 மற்றும் 2.5 மில்லிமீட்டர் அலன் கீ, நட்டுக்கு ஸ்பனர் (4 மில்லிமீட்டர் நட்டுக்குப் பொதுவாக 7, 5 மில்லிமீட்டர் நட்டுக்கு 8), பழைய பல்லு பிரஷ், 400 மற்றும் 600 இலக்க எமரி தாள், ஒரு கண்ணாடித் துண்டு, பாமசியில் கிடைக்கும் ஸ்பிரிட். ஸ்பிரிட்டில் ஒரு துளியை முதலில் கண்ணாடியில் விட்டுக் காயவிடுங்கள். காய்ந்த இடத்தில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் அந்தப் போத்தலைப் பாட்டுக்குப் பாவிக்க வேண்டாம். சில வகையில் தோலுக்காக எண்ணெய் கலந்திருப்பார்கள்.

திறக்கும் முன் வெளியே இருக்கும் மணலைக் காய்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், அது மணலை உள்ளே கொண்டுபோகும். ஒவ்வொரு துண்டையும் எடுக்கும்போது போனில் ஒரு படம் எடுங்கள். எடுத்த வரிசையிலேயே ஒரு துவாயின் மேல் இடமிருந்து வலமாக வையுங்கள். ஸ்பிரிங்குக்கு முன்னும் பின்னும் மெல்லிய வொஷர்கள் இருக்கும், சில வண்டிகளில் சின்ன அமுக்கப் பெயாரிங் ஒன்றும் இருக்கும். இவற்றின் ஒழுங்கு மாறினால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் கிளச் சரிவராது.

நட்டை எடுக்கும்போது பின்டயர்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பர் பல்லைக் குறடால் பிடிக்க வேண்டாம். நட்டு எப்படி வருகிறது என்று கவனியுங்கள். விரலாலேயே சுற்றி வந்தால் அதன் நைலோன் பிடி போய்விட்டது. அந்த நட்டு ஓட்டத்தில் தானாக இறுகவோ இளகவோ செய்யும், புதிது போடுங்கள். ஸ்பனரால் ஒரே சீரான இறுக்கத்தோடு வந்தால் இன்னும் சில தரம் பாவிக்கலாம்.

இனி தட்டு. ஸ்பிரிங்கை எடுத்தபின் வெளித்தட்டு விரலால் பிடித்து இழுக்க வர வேண்டும். வந்தால் நல்லது, அடுத்த பகுதிக்குப் போகலாம். வராவிட்டால் உங்கள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், அதனால் அவசரப்பட வேண்டாம். ஸ்குறூ ட்ரைவரைத் தட்டுக்கும் ஸ்பருக்கும் இடையில் விட்டு நெம்பினால் தட்டு வளையும். வளைந்த தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் பிடிக்கும், ஒரு பக்கம் விடும். பிறகு எந்த இறுக்கமும் சரிவராது.

என்ன செய்யலாம்? தட்டின் நடு ஓட்டையும் ஷாஃப்டும் சேரும் இடத்தில் மட்டும், ஒரு ஊசி முனையால், கறள் இளக்கும் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். பாட்டில் படும் என்று பயம் வரும். இந்த நிலையில் பாட்களை எப்படியும் கழுவவோ மாற்றவோ போகிறோம், பரவாயில்லை. அரை மணிநேரம் விடுங்கள். பிறகு தலைமயிர் காயவைக்கும் ட்ரையரால் இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். எண்ணெய் விட்ட இடத்தில் லைட்டர் நெருப்புக் காட்ட வேண்டாம், பக்கத்தில் பிளாஸ்டிக் கியரும் இருக்கிறது. அலுமினியம் உருக்கைவிடக் கூடுதலாக விரியும். தட்டு அலுமினியமாக இருந்தால் அந்தச் சூட்டில் ஓட்டை கொஞ்சம் பெருத்து பிடி விடும். இப்போது தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, இழுக்காமல், இடமும் வலமும் சிறிதாக ஆட்டுங்கள். ஷாஃப்டின் தட்டைப் பக்கம் அனுமதிக்கும் அளவு மட்டும். முதலில் ஒரு முடி அளவு அசையும். அந்த அசைவு கிடைத்துவிட்டால் ஆட்டிக்கொண்டே வெளியே கொண்டுவரலாம். எனக்கு இருபது நிமிடம் எடுத்தது.

ஷாஃப்டும் தட்டும்

அந்த வெள்ளைத் தூள் கறள் அல்ல, அலுமினியம் அரித்ததால் வந்தது. உப்பு ஈரம் இருக்கும் இடத்தில் அலுமினியமும் உருக்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வேகமாக அரிக்கும். அரித்து வரும் தூள் முன்பிருந்த உலோகத்தைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். தட்டின் ஓட்டைக்கும் ஷாஃப்டுக்கும் இடையே இருக்கும் முடியளவு இடைவெளிக்குள் அது அடைத்துக்கொண்டால் ஆப்பு இறுக்கியது போலத்தான். உருக்குத் தட்டு என்றால் அதே இடத்தில் செம்மண் நிறத்தில் கறள் இருக்கும், விளைவு ஒன்றுதான்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கரையோரமாக இருக்கிறவர்களுக்கு வண்டி கடற்கரையில் ஓடத்தான் வேண்டும் என்றில்லை. யன்னல் கம்பியைக் கறளாக்கும் காற்று இதையும் விடாது. அம்பாறை நகரப் பக்கமும் இங்கினியாகலைப் பக்கமும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த உப்புத் தொல்லை குறைவு. அங்கே புழுதிதான் எதிரி, அதைப் பாட் பகுதியில் சொல்கிறேன்.

ஷாஃப்டை 600 எமரி தாளால் நீளவாக்கில், நுனியிலிருந்து உள்நோக்கி, மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். பளபளப்பாக்குவது நோக்கமல்ல, தூளும் கறளும் போனால் போதும். கியர்பெட்டியின் வாயை ஒரு துணியால் மூடிக்கொள்ளுங்கள், எமரித் தூள் உள் பெயாரிங்குக்குள் போகக்கூடாது. பிறகு ஷாஃப்டின் தட்டைப் பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். தட்டு அடித்து அடித்து அங்கே ஒரு சின்னப் பள்ளமும், பள்ளத்தின் ஓரத்தில் மேலெழுந்த ஒரு பிசிறும் இருக்கலாம். நகம் தட்டுப்பட்டால் அந்தப் பிசிறை மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து நீக்குங்கள். கறளே இல்லாத வண்டியிலும் தட்டு நகராமல் நிற்பதற்கு இந்தப் பிசிறு காரணமாகிறது. பள்ளம் ஆழமாக இருந்தால் ஷாஃப்டை மாற்றுவதுதான் வழி.

தட்டின் ஓட்டையையும் எமரித் துண்டை உருட்டி விட்டுத் துடையுங்கள். ஓட்டையைப் பெரிதாக்கிவிடாதீர்கள். இப்போது தட்டைத் தனியே ஷாஃப்டில் போட்டு வண்டியைச் சரியுங்கள். தட்டு தன் பாரத்திலேயே வழுக்கி வர வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத தட்டை நான் மறுபடி பூட்டுவதில்லை. கடைசியாக மெல்லிய எண்ணெய் தொட்ட துணியால் ஷாஃப்டை ஒரு தரம் துடைத்து, உடனே காய்ந்த துணியால் அந்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். மிஞ்சும் கண்ணுக்குத் தெரியாத படலம் ஈரத்தைத் தடுக்கும்.

பாட்களும் தட்டின் முகமும்

தட்டின் முகத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். உருக்குத் தட்டில் நீல நிறம் ஓடியிருந்தால் கடுமையாகச் சூடாகியிருக்கிறது. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விளிம்பை ஒவ்வொரு பக்கமாக அழுத்துங்கள். 'டிக் டிக்' என்று ஆடினால் வளைந்திருக்கிறது, மாற்றுங்கள். ஆடாவிட்டால் கண்ணாடியின் மேல் 400 எமரி தாளை விரித்து, தட்டை அதன்மேல் எட்டு வடிவில் பத்துப் பன்னிரண்டு தரம் தேயுங்கள். முகம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாக வர வேண்டும். ஓரிடம் பளபளப்பாகவே நின்றால் அது பள்ளம், தேய்ப்பைத் தொடருங்கள்.

பாட் கண்ணாடி போல மினுங்கினால் அதன் மேல் எரிந்த படை இருக்கிறது. புழுதியில் ஓடும் வண்டிகளுக்கு இது சீக்கிரம் வரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கிரவல் ஒழுங்கையில் ஓட்டினால் மாவு போன்ற புழுதி கியர் மூடிக்குள்ளும் போய், தட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அரைபட்டு, சூட்டில் இறுகிவிடும். எமரி தாளில் மெதுவாக நாலைந்து இழுப்பு இழுத்தால் படை போகும். எண்ணெய் ஊறிய பாட், விளிம்பு உதிர்ந்த பாட், ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெல்லியதாகவும் தேய்ந்த பாட் எல்லாம் மாற்ற வேண்டியவை. மாற்றினால் முழுச் செட்டாக மாற்றுங்கள்.

குமிழ் பாட் உள்ள வண்டியில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். குமிழ்கள் ஸ்பரின் முகத்துக்கு மேலே சற்று எழும்பி, எல்லாம் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். கிளச் நீண்ட நேரம் வழுக்கிச் சூடானால் ஓட்டையின் ஓரப் பிளாஸ்டிக் இளகி, குமிழ் உள்ளே அமிழ்ந்துவிடும். அதன்பின் தட்டு பாட்டை விட்டுப் பிளாஸ்டிக்கையே தொடும், பிளாஸ்டிக் தட்டில் மெழுகு போல ஒட்டும், ஆறியதும் பசை போல இறுகும். இந்த நிலைக்கு வந்த ஸ்பரைக் காப்பாற்ற முயல வேண்டாம். தட்டில் ஒட்டியதை மூங்கில் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, புது ஸ்பரும் புதுப் பாட்டும் போடுங்கள்.

துடைத்து முடித்த முகங்களை விரலால் தொடக்கூடாது. விளிம்பில் பிடியுங்கள்.

ஸ்பருக்குள் இருக்கும் பெயாரிங்

தட்டு வழுக்குகிறது, பாட் சுத்தம், ஆனாலும் ஒட்டுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஸ்பர் ஷாஃப்டின் மேல் சும்மா சுற்றுவதற்காகத்தான் அந்தப் பெயாரிங் இருக்கிறது. அது கறள் பிடித்து இறுகினால், ஸ்பிரிங்கே இல்லாவிட்டாலும் ஸ்பர் ஷாஃப்டை இழுத்துக்கொண்டு போகும். நட்டை இளக்கியும் தட்டைச் சுத்தம் செய்தும் பயனில்லாமல் போவது இங்கேதான்.

சின்ன விரலில் போட்டுச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைபடுவது போல இருந்தால் ஸ்பிரிட்டில் ஊறவைத்து, சுற்றிச் சுற்றிக் கழுவி, காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி விட்டு, வெளியே கசிந்ததை முழுதாகத் துடையுங்கள். அப்படியும் கரகரத்தால் புதிது வாங்குங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் அளந்துகொண்டு போனால் வண்டியின் பெயரைச் சொல்லித் தேட வேண்டியதில்லை. உலோக மூடி உள்ளதைவிட றப்பர் மூடி உள்ளது நம் கரையோரத்துக்கு நல்லது. பெயாரிங்குக்குப் பதிலாக, உள்ளே குண்டுகள் இல்லாத வெறும் வளையமான புஷ் இருக்கும் வண்டிகளில் ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே உப்புத் தூள் அடைந்திருக்கும், அதைத் துடைத்தாலே போதும்.

பூட்டுவது

படத்தைப் பார்த்து, எடுத்த வரிசைக்கு எதிராகப் பூட்டுங்கள். ஸ்பிரிங்கையும் நட்டையும் போடுவதற்கு முன் நிறுத்தி, ஒரு விரலால் ஸ்பரைத் தட்டிவிடுங்கள். பின்சில்லு அசையாமல் ஸ்பர் தனியே சுற்ற வேண்டும். அமுக்கமே இல்லாத இந்த நிலையில் அது சில்லையும் இழுத்தால் உள்ளே எங்கோ இன்னும் ஒட்டுகிறது. எந்த வொஷர் இடம் மாறியிருக்கிறது, எந்தப் பெயாரிங் சரியாக உட்காரவில்லை என்று இப்போதே பாருங்கள். நட்டைப் போட்டுவிட்டால் இது தெரியாது.

மோட்டாரைத் திரும்பக் கோக்கும்போது கொப்பி ஒற்றையிலிருந்து ஒரு கீலம் வெட்டி, பினியனுக்கும் ஸ்பருக்கும் இடையில் விட்டு, மோட்டாரைத் தள்ளி ஸ்குறூவை இறுக்குங்கள். கீலத்தைச் சுற்றி வெளியே எடுத்தால் அது கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்திருக்க வேண்டும். புது ஸ்பரை இறுக்கமாகக் கோத்து, அது உருகியதும் கிளச்சைக் குறை சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இறுக்கம் வைப்பது

உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்னதுதான் தொடக்க இடம். உதாரணத்துக்கு, ட்ராக்ஸஸ் ஸ்லாஷ் இருசில்லு ஓட்ட ட்ரக்கின் கையேடு சொல்வது: ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்வரை நட்டை இறுக்கு, அதற்கு மேல் பலம் போடாதே, பிறகு அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்று வரை இளக்கு. புறப்படும்போது இரண்டு அடிக்கு மேல் வழுக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. வேறு வண்டிக்கு இந்த எண்ணை அப்படியே எடுக்க வேண்டாம், ஸ்பிரிங்கின் பலம் ஒவ்வொன்றிலும் வேறு.

இடம் முக்கியம். மணலில் வைத்து இறுக்கம் பார்ப்பதில் அர்த்தமில்லை. கிளச் வழுக்கும் முன்னரே டயர் வழுக்கிவிடும், எந்த இறுக்கமும் சரியாகத்தான் தெரியும். வாகனம் வராத, காய்ந்த சீமெந்துத் தரை வேண்டும். நெல் காயப்போடும் தளம் மிக நல்லது.

புதுப் பாட்டோ எமரி தாளில் தேய்த்த பாட்டோ முதல் சில புறப்பாட்டில் ஒழுங்காகப் பிடிக்காது. பாதி வேகத்தில் ஐந்தாறு தரம் புறப்படச் செய்து, பத்து நிமிடம் ஆறவிட்டு, பிறகுதான் அளவு பாருங்கள். முழு வேகத்தில் புறப்படும்போது காதைக் கொடுங்கள். முதல் ஓரிரண்டு அடிக்கு 'ஸ்ஸீ' என்று ஒரு மெல்லிய கீச்சல், பிறகு அது மறைந்து வண்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். கீச்சல் கேட்கவே இல்லையா, கால் சுற்று இளக்குங்கள். நீண்டு போகிறதா, கால் சுற்று இறுக்குங்கள். எட்டிலொரு சுற்றுக்கூட வித்தியாசம் காட்டும் வண்டிகள் உண்டு, அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு ஒரு புறப்பாடு பார்த்து அடுத்ததைச் செய்யுங்கள். எரிந்த மணம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அப்போது தட்டைத் தொட வேண்டாம், விரல் சுடும்.

டிப்பெக்ஸ் கோட்டை மறுபடி போட்டு ஐந்து புறப்பாடு செய்து பாருங்கள். கோடு விலகியிருந்தால் வேலை முடிந்தது.

கடற்கரைக்குப் போய் வந்தால்

ஓடி வந்த அன்றே கியர் மூடியைத் திறந்து பிரஷால் தட்டுங்கள். வண்டி நனைந்திருந்தால் நட்டை எடுத்து, தட்டையும் ஸ்பரையும் கழற்றி, எல்லாவற்றையும் துடைத்து விசிறிக் காற்றில் காயவிடுங்கள். பதினைந்து நிமிட வேலை. உப்புத் தண்ணீருக்குள் இறக்கவே வேண்டாம். வாவிக்கரைச் சேறும் அப்படித்தான், வாவித் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது.

மாரி காலத்தில் நாலு நாள் நிறுத்தி வைத்த வாகனத்தின் பிறேக் ஒட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அமுக்கத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும் பாட்டும் உருக்கும் ஈரத்தில் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். ஒக்டோபர் கடைசியிலிருந்து தை வரைக்கும் வண்டியை எடுக்க வாய்ப்பில்லை என்றால், வைக்கும் முன் நட்டை ஸ்பிரிங் தளரும்வரை இளக்கி வையுங்கள். எத்தனை சுற்று இளக்கினீர்கள் என்பதை ஒரு டேப் துண்டில் எழுதி வண்டியின் மேல்மூடிக்கு உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். என்னுடையதில் இப்போது "இரண்டேகால்" என்று மருமகனின் கையெழுத்தில் இருக்கிறது.